அது என்றால் குழந்தை

என் அன்புக்கும் சண்டைக்கும் உரியவருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? போன முறை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமியது எனக்குக் கேட்கவில்லை, தோள் குலுங்கியதுதான் தெரிந்தது. மருந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அங்கேயும் போய் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று நல்ல பிள்ளையாக இருக்காதீர்கள்.

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. வக்கீலம்மா வழக்குக் காகிதங்களோடு சேர்த்துத் தன் கையாலேயே உங்களிடம் கொடுப்பார். வக்கீல் கொண்டுவரும் காகிதத்தை ஜெயில் கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் இன்றைக்குத்தான் மனம்விட்டு எழுதுகிறேன். முந்தைய கடிதங்களில் ஒவ்வொரு வார்த்தைக்கும் பயந்தேன். "தலை வெடிக்கிறது" என்று எழுதிவிட்டு, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "தலைவலி" என்று எழுதினேன். "வயிறு பற்றி எரிகிறது" என்பதையும் எழுதாமல் விட்டேன். நான் பேசுகிற பேச்சுக்கு முதலில் என்னைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

போலீஸ் கோர்ட்டில் கொடுத்த அந்த அறிக்கையை வக்கீலம்மா எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார். நம் இரண்டு பேர் போனிலிருந்தும் எடுத்த செய்திகளைக் கம்ப்யூட்டர் இந்த ஊர் மொழிக்கு மொழிபெயர்த்து, ஆபத்தானதற்குச் சிவப்பு, சாதாரணமானதற்குப் பச்சை என்று வண்ணம் அடித்து வைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் கூட்டத்தை மறந்துவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விட்ட அன்று, "இன்னிக்கு வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு" என்று அனுப்பினேனே, அதற்குப் பச்சை. மனைவி கணவருக்கு ஏதோ பரிசு எடுத்து வைத்திருக்கிறாள் என்று போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று வக்கீலம்மா கேட்டார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

சிவப்பெல்லாம் நம் பிள்ளையின் பெயருக்குத்தான். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததும் "அடேயப்பா, குண்டு!" என்று சொன்னீர்கள். அதோடு சரி, பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் நமக்கே மறந்து போச்சு. "குண்டு பத்து கிலோ தாண்டிடுச்சு" என்று டாக்டரிடமிருந்து நான் அனுப்பியது, "குண்டு கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு, தெரியாத மாதிரி வாங்க" என்று அனுப்பியது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை கிலோ கூடியது என்று கோடு போட்டுப் படமே வரைந்திருக்கிறார்கள். நம் பிள்ளை வளர்ந்த கணக்கை இவ்வளவு ஒழுங்காக நான்கூட எழுதி வைக்கவில்லை.

ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நீங்கள் அனுப்பிய அந்தக் கடைசிச் செய்தியைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். "குண்டைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். மூணாவது பிளாட்பாரம் பெஞ்சுல இறக்கி வெச்சிருக்கேன். நீ லேட் பண்ணா வெடிச்சுடும்." பசி வந்தால் அவள் ஊரைக் கூட்டி அழுவாள் என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். நான் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ரயிலில் நின்றிருந்தேன். அந்தச் செய்தியைக் கம்ப்யூட்டர் பிடித்துக் கொடுத்ததில் ரயிலைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டபோது, எவனாவது எதையாவது செய்து தொலைத்திருப்பான் என்று சொன்னேன்.

நீங்கள் லிஃப்ட் மெக்கானிக், அந்த ஸ்டேஷன் லிஃப்டைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை, பையில் ஒயரும் பேட்டரியும் இல்லாமல் பின்னே என்ன இருக்கும்? குழந்தையை உங்கள் மடியிலிருந்துதானே பிடுங்கினார்கள், அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா? குழந்தையை மறைப்பாக வைத்துக்கொண்டான் என்று எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

கோர்ட்டில் நடந்ததை நீங்களும் கூண்டில் நின்று பார்த்தீர்கள். ஆனால் எனக்கு என்ன பட்டது என்பதை உங்களிடம் சொல்லவே முடியவில்லை. அரசாங்கம் வைத்த அந்த மொழிபெயர்ப்பாளர் நம் மொழிக்காரர்தான். வீட்டில் குழந்தை கிடையாது போலிருக்கிறது. பெண் பிள்ளையைச் சொல்வதானால் "வெடிப்பாள்" என்றுதான் வரும், "வெடிச்சுடும்" என்றால் பொருளைத்தான் குறிக்கும், இலக்கணம் அப்படி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீதிபதி என் பக்கம் திரும்பி, உங்கள் மகளை ஏன் பொருளைப் போலச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். "அதுன்னா குழந்தைதான் ஐயா. பிரியமா இருந்தா அதுன்னுதான் சொல்வோம். அது தூங்குது, அது சாப்பிட்டுச்சுன்னு" என்று சொன்னேன். அதை அந்த மனிதர் அவர்கள் மொழியில் மாற்றிச் சொன்னபோது நீதிபதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற பிள்ளையை ஜடம் என்று சொல்லும் தாய் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில்கூட "அவள்", "அவள்" என்று சொல்லிப் பழகுகிறேன். அவளுக்கே அது பிடிக்கவில்லை. யாரோ வெளி ஆளைப் பற்றிப் பேசுவது மாதிரி இருக்கிறதாம்.

கம்ப்யூட்டர் தப்பு செய்துவிட்டது, அவ்வளவுதானே, சொல்லிவிட்டால் போச்சு என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்தது என்று கோர்ட் முதலிலேயே எடுத்துக்கொள்ளும், தப்பு என்றால் நாம்தான் நிரூபிக்க வேண்டும் என்று வக்கீலம்மா சொல்கிறார். நிரூபிக்க வேண்டுமானால் அது எப்படிப் படிக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் அது தொழில் ரகசியம், காட்ட முடியாது என்கிறார்கள். நம் வீட்டு ரகசியத்தையெல்லாம் அது படிக்கலாம், அதன் ரகசியத்தை மட்டும் யாரும் கேட்கக்கூடாது. மனிதன் பொய் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணையில் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். இதன் முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

தையல் கடையில் வேலை இருக்கிறது. முதலாளியம்மா ஒன்றும் கேட்பதில்லை. நான் கோர்ட்டுக்குப் போகும் நாளில் என் மெஷினுக்கு அவரே உறை போட்டு மூடி வைத்துவிடுகிறார். போன வாரம் ஸ்டேஷன் காவலாளி ஒருவர் யூனிஃபார்ம் பேண்ட்டை இடுப்பில் தளர்த்திக் கொடுக்கச் சொல்லி வந்தார். அன்றைக்கு உங்கள் கையைப் பின்னால் முறுக்கியவர்களில் ஒருவர் அவர், கோர்ட்டில் போட்டுக் காட்டிய படத்தில் பார்த்திருக்கிறேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. அதைப் போட்டபடியே நின்றார், நான் முட்டி போட்டு ஊசி குத்தி அளவு பிடித்தேன். துணியை மட்டும்தான் குத்தினேன். நான் எப்பேர்ப்பட்ட பொறுமைசாலி என்று நீங்கள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, இதற்காவது ஒத்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தளர்த்திக் கொடுத்தேன். போகும்போது வீட்டுச் சாப்பாடு ஏறிவிட்டது என்று சிரித்தார்.

இனி எழுத வேண்டியதைத் தள்ளிப்போட முடியாது. இவ்வளவு நேரம் ஊர்க்கதை எழுதியதே அதற்குப் பயந்துதான்.

பிள்ளை சாப்பிடுவதில்லை.

பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை என்று ஒருநாள் பிடித்துத் தைத்தேன். வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. டீச்சர் கூப்பிட்டு, மதியச் சாப்பாட்டை அப்படியே பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள் என்று சொன்னார். வீட்டில் என் எதிரில் ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போய்த் துப்பியிருக்கிறாள். முட்டை வேண்டாம், பால் வேண்டாம். திட்டினேன், கெஞ்சினேன், ஒரு அடியும் வைத்தேன். அடி வாங்கிக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவளாகவே வந்து மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள். "நான் ஒல்லியாயிட்டா அப்பாவை விட்டுடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். நான் வக்கீலம்மாவிடம் போனில் "இந்தக் குண்டுங்கற பேராலதான் இத்தனையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது அதன் காதில் விழுந்திருக்கிறது. தான் குண்டாக இருந்ததால்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லடா கண்ணு என்று எத்தனை விதமாகச் சொன்னேன். கேட்கவில்லை. "அப்பா சொன்னா நம்புவேன்" என்கிறது. "அது" என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், நீங்கள்தானே படிக்கப் போகிறீர்கள்.

நீங்கள் பிள்ளைக்கு எழுதிய கடிதம் வந்தது. "என் செல்லக்" என்பதற்குப் பிறகு ஒரு வார்த்தையைக் கறுப்பாக அடித்திருந்தார்கள். கடிதம் முழுக்க எங்கெல்லாம் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களோ அங்கெல்லாம் கறுப்பு. பிள்ளை அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, நகத்தால் சுரண்டிப் பார்த்தது. என் பேரை அப்பா எழுதவே கூடாதா என்று கேட்டது. அன்று இரவும் சாப்பிடவில்லை.

இதற்கு மேலே ஒன்று சொல்கிறேன், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தாவுக்குப் பிள்ளையை நேரில் கொண்டுவந்து நிறுத்தலாம், இதுதான் ஐயா குண்டு என்று காட்டலாம் என்பதுதானே வக்கீலம்மாவின் திட்டம். அதற்காக நேற்று கடைக்கு வந்து பிள்ளையைப் பார்த்தார். கழுத்தெலும்பு தெரிய, சட்டை தொளதொளவென்று நிற்கிறது. இந்தப் பிள்ளையையா குண்டு என்று கூப்பிட்டீர்கள் என்று அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், பழைய போட்டோவைக் காட்டினாலும் எடுபடுமா தெரியாது என்றார். உங்களை வெளியே கொண்டுவர இந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறது. அந்தப் பட்டினியே உங்களை உள்ளே வைத்துவிடும் போலிருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அரசு வக்கீல் அனுப்பிய காகிதம் இன்னும் வக்கீலம்மாவிடம்தான் இருக்கிறது. "பொதுமக்கள் பீதியடையும்படி வெடிகுண்டைக் குறிக்கும் சொல்லைத் தெரிந்தே பயன்படுத்தினேன்" என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாகக் கழித்துக்கொண்டு விட்டுவிடுவார்களாம். லிஃப்ட் வேலைக்கான உரிமம் போய்விடும். ஸ்டேஷன் பக்கம் போகக்கூடாது. போலீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இருந்துகொண்டே இருக்கும். அந்தக் காகிதத்தை முதலில் காட்டியபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் போட்ட கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். உயிரே போனாலும் போடாதீங்க, செய்யாத தப்பை ஒத்துக்கிட்டு வந்தா என் மூஞ்சியில முழிக்காதீங்க என்று சொன்னேன். வார்டர் வந்து என்னை உட்காரச் சொன்னார். நீங்களும் சரி என்று தலையை ஆட்டினீர்கள்.

என்னங்க, போட்டுவிடுங்கள்.

நியாயம் நம் பக்கம்தான், எனக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மேல் கோர்ட்டில் ஜெயிக்கலாம் என்று வக்கீலம்மா இப்போதும் சொல்கிறார். நல்ல மனுஷி, அவர் பொறுப்பார், நானும் பொறுப்பேன். பிள்ளை உடம்பு பொறுக்காது. நேற்று குளிப்பாட்டும்போது முதுகில் சோப்பு போட்டேன், எலும்பு எலும்பாகக் கையில் தட்டியது. குண்டு என்றால் எங்கள் மொழியில் வெடிகுண்டு மட்டும்தான், வேறு அர்த்தமே கிடையாது என்று எழுதியிருந்தால்கூடப் போடுங்கள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஊர் ஏசினால் ஏசட்டும், என் வாய்க்கு முன்னால் எவரும் நிற்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைக்கும் வேறு ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பெயரா இப்போது பெரிசு?

நான் கெஞ்சுவது உங்களுக்குப் புதுசாக இருக்கும். எனக்கும் புதுசுதான். இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றிக் கவலைப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். வக்கீலம்மா அந்தக் காகிதத்தையும் கையோடு கொண்டுவருகிறார். பேனாவும் அவரிடம் இருக்கிறது.

கையெழுத்துப் போடும்போது உங்களுக்குக் கடவுள் துணை இருக்கட்டும். நேராக வீட்டுக்கு வாருங்கள். வந்து, நான் சொல்லி நம்பாததை நீங்களே சொல்லி, அதற்கு ஒரு வாய் ஊட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குக் குறுக்கே இனி நிற்க மாட்டாத,
உங்கள் வீட்டுக்காரி