நீங்கள் நிரூபிக்கவில்லை, அண்ணே

அண்ணே,

போன சனிக்கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவள் உயர்தர வகுப்பில் அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படிக்கிறாள். "பிள்ளைகளப் பத்தி ஏதாவது கேக்கணுமா?" என்றார் அந்தப் பாடத்து சேர். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன நான் எழுந்து, "தர்க்கத்தால மட்டும் கடவுள் இருக்காருன்னு நிரூபிக்க முடியுமா சேர்?" என்று கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க. மானம் போகுது." எல்லாம் உங்களால் வந்த வினை.

யட்டியாந்தோட்டைப் பக்கத்து நம் ரப்பர் மலையில் மழை பெய்தால் பட்டை காயும்வரை பால் வெட்ட மரத்தில் கத்தி வைக்க முடியாது. அப்படிக் கூரையடியில் குந்தியிருந்த ஒரு காலையில்தான் ஆரம்பித்தீர்கள். என்னோடு பால் வெட்டிய நீங்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், நான் மாரியம்மன் கோயில்காரன். இருவருக்கும் கடவுள் உண்டு. சண்டை அதில் இல்லை. புத்தியாலேயே அவரைப் பிடித்துக் காட்டிவிடலாம் என்றீர்கள்.

"செரட்டையில பால் கெடக்குது. வெட்டினவன நீ பாக்கல. அதுக்காக வெட்டினவனே இல்லம்பியா? ஒலகமும் அப்படித்தான்டா."

அன்றைக்கு உங்களிடம் தோற்ற கோபத்தோடு வீட்டுக்கு வந்து, ஒரு பாவமும் அறியாத மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

பிறகொரு நாள் காற்றில் கிளை முறிந்து, முறிந்த இடத்திலிருந்து பால் ஒழுகிக் கீழே இருந்த சிரட்டையில் நிறைந்திருந்தது. உங்களை இழுத்துப்போய்க் காட்டினேன்.

"இத வெட்டினவன் யாருண்ணே?"

குனிந்து பார்த்தீர்கள். "காத்த அனுப்பினது யாருடா?"

"அனுப்பினவர அனுப்பினது யாரு?"

"அவருக்கு மேல ஆளு கெடையாது."

"எல்லாத்துக்கும் ஒரு ஆளு வேணும்னு சொன்னதே நீங்கதானே!"

அடுத்த மர நிரையிலிருந்து கங்காணி கத்தினார்: "வெயில் ஏறுது! கடவுள் காத்திருப்பாரு, பால் காத்திருக்குமா?"

இன்றும் சொல்கிறேன் அண்ணே. வெட்டினாலும் நீங்கள் சொன்னதே சரி, முறிந்தாலும் நீங்கள் சொன்னதே சரி என்றால், அது எதை வைத்தாலும் ஒரே பக்கம் சாயும் தராசு. அப்படியொரு தராசில் நம் பாலை நிறுத்திருந்தால் நீங்களே முதலில் சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

மதினி இறந்த பிறகு உங்கள் வாதத்தில் சிரிப்பு போய்விட்டது. கடவுள் உறுதியானால்தான் மதினி எங்கோ இருப்பதும் உறுதி. அது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்தீர்கள்.

"ஒரே ஒரு தடவ ஒத்துக்கடா. நிரூபிச்சிட்டீங்கன்னு சொல்லு. அவளப் பாப்பேங்கிற உறுதியோட போறேன்."

"மாட்டேண்ணே. நீங்க நம்புறீங்க, அது எனக்குத் தெரியும். நிரூபிச்சீங்கன்னு சொன்னா பொய்."

பக்கத்துக் கட்டில்காரர் என்னை முறைத்தார். "கல்நெஞ்சுக்காரன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். இரண்டே நாளில் போய்விட்டீர்கள்.

அந்த முதுகு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனாலும் வார்த்தையை மாற்றமாட்டேன். கடைசியில் உங்களுக்காக ஒரு பொய் சொல்லியிருந்தால், நாம் வாதாடிய அத்தனை மழைக்காலைகளிலும் உங்களை விளையாட்டுக்குத்தான் எதிர்த்தேன் என்றாகியிருக்கும்.

சொல்லாமல் விழுங்கியது ஒன்றுதான். அன்று காலை அம்மன் முன்னால் சூடம் கொளுத்திவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தேன். அண்ணன் பிழைக்கணும், இல்லையென்றால் மதினியிடம் பத்திரமாகப் போய்ச் சேரணும் என்று வேண்டினேன், எந்த ஆதாரமும் கேட்காமல்.