கருகாத தூள்

மார்ச் 3
முகம் கழுவும் க்ரீமில் அழுக்கைத் தேய்த்தெடுக்கும் பொடிப் பிளாஸ்டிக் மணி கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்து இன்றோடு மூன்று நாள். எங்கள் தொழிற்சாலை அதற்கு முன்பே பாதாம் ஓட்டுத் தூளுக்கு மாறிவிட்டது. சோதனைக்கூடத்தில் அளவு பார்த்துப் பார்த்துச் சேர்த்தது நான். ஆறு மாத உழைப்பு. கொள்முதல் பிரிவில் இருக்கும் என் அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, "கலக்கிட்ட போ" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
வழக்கமான சோதனைக்காகக் கடைக்குப் போகவிருந்த ட்யூப் ஒன்றைப் பிரித்து, க்ரீமைக் கரைத்து வடிகட்டி, மிஞ்சியதைச் சூடான தட்டில் போட்டேன். ஓட்டுத் தூள் என்றால் கருகும். இது உருகி, பழுப்புச் சொட்டாக நின்றது. இன்னொரு ட்யூப். அதுவும். மூன்றாவது. அதுவும்!
அப்போ என் தூள் எங்கே?

மார்ச் 10
கிடங்கில் மூட்டை மேல் 'பாதாம் ஓட்டுத் தூள்' என்று ஒட்டியிருக்கிறது. உள்ளே நாங்கள் முன்பு போட்டுவந்த அதே பழுப்பு பிளாஸ்டிக் மணி.
அண்ணனிடம் ஓடினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய ஸ்டாக் கிடந்துச்சு. தூக்கியா கொட்ட முடியும்? தீர்ந்ததும் உன் தூள்தான்."
"அண்ணா, சட்டப்படி தப்பு."
"மூஞ்சி கழுவுன தண்ணி சாக்கடைக்குப் போகுது. அதை யாரு பாக்கப் போறா?"
சாக்கடை எங்க போய்ச் சேருதுன்னு இவனுக்குத் தெரியாதா?

மார்ச் 11
தலைவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன்.

மார்ச் 13
மாசுக் கட்டுப்பாட்டுத் துறையிலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்தார். ஒரு கோப்பைத் திருப்பி என் முன் வைத்தார். 'பிளாஸ்டிக் மணி சேர்க்கப்படவில்லை' என்ற உறுதிமொழி. கீழே என் கையெழுத்து. தேதி — மகளுக்குக் காய்ச்சல் என்று நான் விடுப்பில் இருந்த நாள்.
"இது உங்க கையெழுத்துதானேம்மா?"
அந்தக் கை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டு, அடியிலிருந்து காப்பாற்றிய அண்ணன் கை.
"ஆமா"ன்னுட்டேன். ஏன் சொன்னேன்? ஏன்?

மார்ச் 14
மாடிப்படியில் அண்ணனை மறித்தேன். மறுக்கவே இல்லை. "உன் பேருன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதான் போட்டேன்."
திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். என்னைப் பாராட்டுகிற மாதிரி அல்லவா சொன்னான்!

மார்ச் 17
ஆய்வாளர் அலுவலகம். மேஜையில் மூன்று ட்யூப், ஒரு குப்பி மணி வைத்தேன்.
"அன்னிக்குப் பொய் சொன்னேன் மேடம். அது என் கையெழுத்து இல்ல."
"யாரோடது?"
அவர் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்தேன். பிறகு அண்ணன் பெயரைச் சொன்னேன்.

ஏப்ரல் 22
கடைகளுக்குப் போன ட்யூப் எல்லாம் பெட்டி பெட்டியாகத் திரும்பி வருகின்றன. அண்ணனுக்கு வேலை போய்விட்டது, வழக்கும் இருக்கிறது. முதலில் பொய் சொன்னதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வாங்கிக்கொண்டேன்.

மே 30
அண்ணன் மகளுக்குப் பிறந்த நாள். போன் செய்தேன். அண்ணி எடுத்தார்கள்.
"அவர் ஊர்ல இல்லம்மா."
பக்கத்திலேயே அண்ணன் இருமினான்.
"சரிங்க அண்ணி" என்றேன். உடனே வைக்கவில்லை. அவர்களும் வைக்கவில்லை.