இரண்டு அமாவாசைகள்

அண்ணை,

இன்று ரொறன்ரோ பாதர்ஸ்ட் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பேக்கரிக் கண்ணாடிக்குள் வட்டப் பாண்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யூதர்களின் புதுவருடம் வருகிறது. வாசம் தெருவரை வந்தது. எனக்குப் பசிக்கவில்லை, கோபம்தான் வந்தது. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகியும் அது ஆறவில்லை.

அந்தப் பாணை எங்களுக்கு முதலில் தந்தவள் ரேச்சல். அரசாங்க அலுவலகக் களஞ்சியத்தில் நாங்கள் மூவரும் பெட்டி பிரித்த காலம். யூதப் பெருநாட்களுக்கு இனிச் சம்பளத்தோடு லீவு என்று அறிவித்தல் ஒட்டிய வாரம் கொண்டுவந்தாள். அவளைவிட நீங்கள்தான் கூடச் சந்தோஷப்பட்டீர்கள். "அவைக்குக் குடுத்தால் எங்களுக்கும் தரத்தானே வேணும்" என்றீர்கள்.

நீங்கள் கேட்டது தீபாவளியுமல்ல, பொங்கலுமல்ல. ஆடி அமாவாசை, ஒரேயொரு நாள். மூத்த மகனாயிருந்தும் உங்கள் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க யாழ்ப்பாணம் போகமுடியாமல் போனவர் நீங்கள். சண்டையில் பாதை பூட்டியிருந்தது. அந்த நாளிலாவது விரதமிருந்து, ஐயரை வைத்து, அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆசைப்பட்டீர்கள். சொந்த லீவில் நிற்கலாமே என்றேன். "களவாய் எடுக்கிற நாளில்லை உது. அப்பாவின்ர நாள் எண்டு சொல்லி எடுக்கவேணும்."

சுப்பவைசர் நல்ல மனிதர். எந்தத் தேதி என்று மட்டும் கேட்டார். அங்கேதான் எங்கள் ஆட்கள் காலை வாரினார்கள். யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத் தேதிதான் சரி என்றது ஒரு கோயில். ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்தால் அதற்கு முதல்நாள் என்றது மற்றது. வேலை முடிந்த களைப்போடு இரண்டுக்கும் மாறிமாறி அலைந்தீர்கள். இரண்டு கோயில் தலைவர்களையும் ஒரு மேசையில் இருத்தப் பார்த்தீர்கள். "முதலிலை அவையைப் பிழையெண்டு ஒத்துக்கொள்ளச் சொல்லும்" என்றார் ஒருவர். மற்றவர் வரவேயில்லை. உங்களுக்குள் முடிவெடுத்துவிட்டு வாருங்கள் என்று சுப்பவைசர் பேச்சை முடித்தார். அந்த ஆடி அமாவாசைக்கு நீங்கள் பட்டினியோடு பெட்டி பிரித்தீர்கள்.

ரேச்சல் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, தங்கள் பழைய கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் புதுப்பிறை கண்ட செய்தி ஜெருசலேமிலிருந்து தூர ஊர்களுக்கு நேரத்தோடு போய்ச் சேராதாம். எது சரியான நாள் என்ற சந்தேகத்தில் இரண்டு நாளும் கொண்டாடிவிடுவார்களாம். அவர்களின் புதுவருடம் இன்றும் இரண்டு நாள்தான். அரசாங்கம் இரண்டுக்கும் லீவு கொடுத்தது. நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அவைக்கும் சந்தேகம், எங்களுக்கும் சந்தேகம். அவை இரண்டையும் வைச்சிருக்கினம். நாங்கள் ஒண்டையும் துலைச்சுப்போட்டு நிக்கிறம்."

அதற்குப் பிறகு நீங்கள் யாரிடமும் அந்த நாளைக் கேட்கவில்லை. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வெள்ளைக்காரன் எங்களை மதிக்கிறானில்லை என்று கூட்டங்களில் யாராவது முழங்கினால் நான் எழும்பி வந்துவிடுகிறேன். அந்தத் தலைவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, அண்ணை.

போன ஆடியில் உங்கள் மகன் ரெலிபோன் எடுத்தான். "லீவு பிரச்சினையில்லை அங்கிள், மனேஜர் ஏன் எண்டும் கேக்கேல்லை. அப்பாவுக்கு எந்த நாள் செய்யிறது? ரெண்டு கோயிலும் ரெண்டு நாள் சொல்லுது."

"ரெண்டு நாளும் எடு தம்பி" என்றேன். "அவங்கள் ஒத்துவருவாங்கள் எண்டு உன்ர அப்பா காத்திருந்து பாத்தவர்."