ஆடு கேட்ட வெள்ளம்

சென்னை
11-6-1956

அன்புள்ள நேசம்,

நான் சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகையில் மாதம் ஆறு கதை என் பொறுப்பு என்பது உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக ராஜா, நரி, பேராசைக்காரன் என்று எழுதித் தள்ளிவிட்டேன். நரி என்று எழுதினாலே இப்போது கொட்டாவி வருகிறது. நேற்று ஆசிரியர் ஒரு கதையைத் திருப்பித் தந்து, "மிஸ்டர் யோவான், இதை நீங்களே போன வருஷம் எழுதியாச்சே" என்றார். மானம் போயிற்று. குழந்தைகள் பத்திரிகைதான், ஆனால் ஆபீசில் ஐந்து பேரும் ஒரு குழந்தையோடு பேசி மாதக்கணக்காகிறது.

நீ இதுவரை அனுப்பியதெல்லாம் தீர்ந்துவிட்டது. உன் நாலாம் வகுப்பிலிருந்து இன்னும் நாலைந்து அனுப்பு. அந்தப் பிள்ளைகளிடமிருந்து எப்படி எடுக்கிறாய் என்றும் எழுது.

புரசைவாக்கத்தில் வீடு பார்த்துவிட்டேன். டிசம்பரில் நீ வேலையை விட்டுவிட்டு வருவதாகத்தானே பேச்சு? மாறிவிடாதே.

உன்
யோவான்


இரணியல்
25-6-1956

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சாரல் விட்டபாடில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எண்ணெய் போடுகிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

"கதை சொல்லுங்கள்" என்றால் பிள்ளைகள் ஒன்றும் தரமாட்டார்கள். நாம் சொன்ன நரியையே நமக்குத் திருப்பித் தருவார்கள். நான் கேட்பது வேறு மாதிரி. "உங்க வீட்டிலே பேசாத சாமான் எது? அதுக்கு நாக்கு வந்தா முதல்ல என்ன கேக்கும்?" கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் பெரிய கஷ்டம், சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய் சும்மா இருக்காது. ஜேசுதாஸ் வீட்டுக் கதவு, "எல்லாரும் என்னையே எதுக்குத் தள்ளுதிய?" என்று கேட்குமாம். இசக்கி வீட்டு உலக்கை, "என் தலையிலே ஒரு நாள் தைலம் தேய்ச்சா என்ன?" என்று கேட்குமாம்.

பேபி என்று ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். தினமும் கிணற்றில் நாலு குடம் கோரி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். அவள், "எங்க வீட்டுக் கிணறு" என்றாள். பிறகு தானாகவே எழுதிக்கொண்டு வந்தாள். எழுத்து மாறாமல் நகலெடுத்திருக்கிறேன்:

"ஒரு ஆடு கிணத்திட்ட வெள்ளம் கேட்டது. கிணறு சொன்னது, வெளியே நீ கண்ட ஒரு காரியம் சொல்லு, தாறேன். ஆடு சொன்னது, மானம் வட்டம் இல்ல. கிணறு சிரித்தது. நான் பிறந்த நாள் முதல் பாக்கேன், மானம் வட்டம்தான் என்று சொல்லி நிறுத்தாமல் சிரித்தது. சிரித்துக் குலுங்கினபோது வெள்ளம் மேலே வந்தது. ஆடு வயிறு நிறைந்து போனது."

அத்தான், கிணற்றுக்கு வானம் வட்டமாகத்தானே தெரியும். எனக்கு ஒரு வார்த்தை தொட மனமில்லை. அவள் பெயரையும் போட வேண்டும்.

டிசம்பர் பேச்சில் மாற்றமில்லை. தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர் நீங்கள் என்பதையும் ஞாபகப்படுத்துகிறேன்.

நேசம்மாள்


சென்னை
18-7-1956

அன்புள்ள நேசம்,

பிழைத்தேன்! ஆசிரியர் தட்டிக்கொடுத்தார். பேபியின் கதை ஆகஸ்ட் இதழில் அவள் பெயரோடு வருகிறது, முழுப்பக்கப் படத்துடன். கடைசியில் மட்டும் நீதி ஒன்றும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. சின்னதாக ஒரு திருத்தம். மற்றபடி கதை அவளுடையதுதான். உன் வகுப்புக்கு இரண்டு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பருக்கு மூன்று வேண்டும். கதவும் உலக்கையும் என்ன ஆயிற்று?

உன்
யோவான்


இரணியல்
13-8-1956

அன்புள்ள அத்தானுக்கு,

இதழ் வந்தது. பார்சலை வகுப்பிலேயே பிரித்தேன். பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்றார்கள். பேபி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள், பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டு.

படத்தில் வீடுகள் கூரைவரை முங்கிக் கிடக்கின்றன. மனிதர்கள் மிதக்கிறார்கள். ஆடு மரத்தில் தொங்கிக்கொண்டு அழுகிறது. கீழே, 'பேராசையால் வெள்ளத்தைக் கேட்ட ஆடு ஊரையே அழித்தது' என்று ஒரு வரி.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. இசக்கிதான் கேட்டாள்: "டீச்சர், ஆடு குடிக்கத்தான வெள்ளம் கேட்டுது? இவிய எதுக்கு ஊரையே முக்கிப்போட்டாவ?" ஜேசுதாஸ் சிரித்தான். வகுப்பே சிரித்தது. இப்போது அவளுக்கு 'ஊரை முக்கின பேபி' என்று பெயர். அவள் அழவில்லை. "நான் இப்பிடி எழுதல்ல டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. அவள் கதையைக் கொடுத்தது என்னை நம்பித்தானே.

வெளியூர்க்காரர் யாராவது இதைச் செய்திருந்தால் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு வெள்ளம் என்றால் ஆற்றுவெள்ளம், அது அவர்கள் தப்பில்லை. நீங்கள் திருத்தவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். நம் கல்யாணத்தன்று பந்தியில் என் அப்பாவிடம் "மாமா, கொஞ்சம் வெள்ளம்" என்று கேட்டவர் நீங்கள்.

நேசம்மாள்


சென்னை
22-8-1956

அன்புள்ள நேசம்,

ஆர்ட்டிஸ்ட் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்தான் திருத்தினேன். மூன்று தரம் படித்தேன். 'வெள்ளம் மேலே வந்தது' என்பதைப் பார்த்ததும் பிரளயம்தான் கண்ணில் வந்தது. குடிக்கிற தண்ணீர் என்று ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

இங்கே வந்த முதல் வாரம் ஓட்டலில் வெள்ளம் கேட்டேன். பரிமாறினவர் வாசலில் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரலே சார்" என்றார். சுற்றி இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்றைக்கு விட்ட வார்த்தை. நாக்கிலிருந்துதான் விட்டேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, நேசம்.

திருத்தம் போட ஆசிரியர் சம்மதிக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் எனக்காக மன்னிப்புக் கேள். நீ இங்கே வந்துவிட்டால் இப்படித் தப்பு வராது, எல்லாம் உன் கண் வழியாகவே போகும். செப்டம்பர் இதழுக்கு ஒன்றும் வரவில்லையே? ஒன்றாவது அனுப்பு.

உன்
யோவான்


இரணியல்
9-9-1956

அன்புள்ள அத்தானுக்கு,

பேபியிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களுக்காகவும் எனக்காகவும். "பரவால்ல டீச்சர்" என்றாள். ஆனால் கதை தரமாட்டாளாம். மற்றவர்களும் தரமாட்டார்களாம். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நாங்களே நடத்தப் போகிறோம். மாதம் ஒரு பிரதி, முப்பத்தேழு பேர் முறை வைத்துப் படிப்பது. அதில் யாரும் யாரையும் திருத்தக்கூடாது என்பது அவர்கள் போட்ட சட்டம். எழுத்துப்பிழையை நான் தொடலாமாம்.

நான் டிசம்பரில் வரவில்லை. தலைமை ஆசிரியையிடமும் சொல்லிவிட்டேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், இரண்டு வாரம் யோசித்தேன். அங்கே வந்தால் நானும் ஒரு வருஷத்தில் தண்ணீர் என்று கேட்கப் பழகிவிடுவேன். அப்புறம் இந்தப் பிள்ளைகள் சொல்வது என்னவென்று கேட்டால் நம் இரண்டு பேருக்குமே தெரியாது.

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். கதை கேட்காத கடிதம் ஒன்றுகூட இல்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடியும் இல்லை. அழுதேன். எனக்கு எழுதுகிறீர்களா, நாலாம் வகுப்புக்கு எழுதுகிறீர்களா?

கதை கேட்காமல் ஒரு கடிதம் எழுதுங்கள். முடியாவிட்டால் எழுத வேண்டாம்.

நேசம்மாள்


சென்னை
12-11-1956

அன்புள்ள நேசம்,

இரண்டு மாதமாக எழுதாமல் இல்லை. ஏழெட்டுத் தரம் தொடங்கினேன். ஒவ்வொன்றும் எங்கேயோ சுற்றி, "அந்த உலக்கை..." என்று வந்து நின்றது. எல்லாவற்றையும் கிழித்துப்போட்டேன்.

ஒன்றாம் தேதி திருவிதாங்கூரிலிருந்த நம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததற்கு ஆபீசில் கை குலுக்கினார்கள். "இனிமேல் நீரும் நம்ம ஊர்" என்றார் ஆசிரியர். சிரித்துவைத்தேன். டிசம்பர் இதழுக்கு என்னிடம் ஒரு கதையும் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய்க்குக் கேட்கிறதா, வைத்தியரிடம் காட்டினாயா? பள்ளிக்கூரை சரிசெய்தார்களா? நம் வீட்டில் அடுக்களைப் பக்கம் ஒழுகுமே, நீயா ஏறி ஓடு மாற்றினாய்? தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் நீ பாதியில் எழுந்துவிடுவாய், இப்போதும் அப்படித்தானா? மூன்று வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு உன்னைத் தேடுகிறது, நேசம். இதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்க்க ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு எழுதிப்போட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன். திருநெல்வேலி வரை ரயில், அப்புறம் பஸ். 23-ஆம் தேதி பத்து மணி வாக்கில் வந்துசேருவேன். அது வெள்ளிக்கிழமை, உனக்கு வகுப்பு உண்டு. லீவு போடாதே. சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டுப் போ.

உன்
யோவான்