எஸ்லின் கணக்கில் இருபத்தெட்டு நாள்

பெங்களூரு,
3.3.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய். அதனால் எழுதி, ஊருக்கு வரும் நம் பக்கத்து வீட்டு ஜோதிமணி கையில் கொடுத்தனுப்புகிறேன். இங்கிலாந்து ஆஸ்பத்திரி எனக்கு நர்ஸ் வேலை கொடுத்துவிட்டது. ஆனால் போய் இறங்கியதும் ஆகிற சாப்பாடு, வாடகைச் செலவுக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அந்தக் காசு என் பெயரிலேயே இருப்பதாக விசாவுக்குக் காட்ட வேண்டும். அப்பா இறந்ததற்குக் கம்பெனி தந்த ஒன்றரை லட்சத்தை என் கணக்கில் போடு. இருபத்தெட்டு நாள் இருக்கட்டும். ஏ.டி.எம். கார்டு உன்னிடமே இருக்கிறது.

எஸ்லின்

சூளகிரி,
13.3.2025

என் கண்ணு எஸ்லினுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடிருப்பதாக. பணத்தை நாலாம் தேதியே கட்டிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, போன தடவை கழுத்தெலும்பு தெரிந்தது. நேற்று செவலைப் பசுவைத் திம்மப்பனுக்கு விற்றேன். "கறக்குற மாட்டை விக்கிறியேம்மா, பொண்ணு லண்டன்ல இருந்து பால் அனுப்புமா?" என்றார். "பவுனா அனுப்புவா, போய்யா" என்றேன். ஏன் விற்றாய் என்று கேட்காதே. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம்.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா, பவுலினா

பெங்களூரு,
30.4.2025

அம்மாவுக்கு,

விசா கிடைக்கவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி பதினைந்தாயிரம் எடுத்திருக்கிறாய், பன்னிரண்டாம் தேதி திருப்பிக் கட்டியிருக்கிறாய். இருபத்தெட்டு நாளில் ஒரு நாள்கூட இருப்பு குறையக் கூடாதாம். நானும் அதை உனக்குத் தெளிவாக எழுதவில்லை, கடைசி இருப்பை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டேன். கட்டிய பீஸ் போச்சு. அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். எதுக்கும்மா எடுத்தே?

எஸ்லின்

சூளகிரி,
4.5.2025

கண்ணு,

தசமபாகம். வருகிற பணத்தில் பத்தில் ஒன்றை எடுத்துவைக்காமல் நம் வீட்டில் ஒரு மாசமும் போனதில்லை. அந்தப் பதினைந்தாயிரம் கர்த்தருடையது. அதையும் நம்முடையது என்று வெள்ளைக்காரனிடம் காட்டினால் பொய்ச்சாட்சி ஆகாதா? அதனால்தான் சபையில் கட்டிவிட்டு, மாட்டை விற்று, நம் காசாகவே நிரப்பினேன். உன் கடிதம் வந்ததும் போதகர் ஐயாவிடம் திருப்பிக் கேட்கவும் போனேன். "சபைக் கூரைக்கு ஷீட் வாங்கியாச்சேம்மா" என்றார்.

அம்மா

பெங்களூரு,
9.5.2025

அம்மா,

பணம் வேண்டாம். 'நான் பண்ணினது தப்பு' என்று ஒரே ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

எஸ்லின்

சூளகிரி,
12.5.2025

எஸ்லின்,

தெரியாமல் பண்ணினேன் என்று நூறு தடவை எழுதுகிறேன். கர்த்தருக்குக் கொடுத்ததைத் தப்பு என்று எழுதக் கை வரவில்லை, பாப்பா. வேறு என்ன வேண்டுமானாலும் கேள்.

அம்மா

சூளகிரி,
20.7.2025

என் கண்ணு எஸ்லினுக்கு,

போன் எடுப்பதில்லை. அனுப்பிய ஊறுகாய் திரும்பி வந்துவிட்டது. ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டாயாம். எங்கே என்று கேட்டால், "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா அத்தை" என்கிறாள் ஜோதிமணி. இந்தக் கடிதத்தையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அதனால் பழைய விலாசத்துக்கே தபாலில் போடுகிறேன்.

இன்று ஆராதனையில் பிள்ளைகளுக்காக ஜெபிக்கத் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எழுந்தேன். மேலே அந்தப் புது ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பண்ணினது தப்பு, எஸ்லின். கர்த்தர் என்னை என்ன செய்வாரோ செய்யட்டும். நீ எங்கே இருக்கிறாய்?

அம்மா