பத்தரை மணிக்கு முன் போட்ட கையெழுத்து

வாடிப்பட்டி,
வைகாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே விடிவதற்கு முன்பே ஓட விடுகிறார்கள் என்றாயே, கால் வீக்கம் வடிந்ததா? வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை வைக்கச் சொல்கிறாள் அம்மா. வெந்நீர் கேட்டால் தருவார்களா, கேட்டதற்காக இன்னும் ஒரு சுற்று ஓட விடுவார்களா என்பதும் அவளுடைய கவலைதான்.

போலீஸ் பயிற்சியில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதமா என்று சிரிப்பாய். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் போன் கொடுக்கிறார்கள். போன வாரம் அந்த அரை மணி நேரத்தையும் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதையும் பரவை மார்க்கெட் தக்காளி விலையையும் பேசியே தீர்த்துவிட்டேன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று நீ கேட்டதற்கு மில்லில் நார்த்தூசி தொண்டையில் பிடித்துவிட்டது என்றேன். தூசி இல்லை. பயம். பன்னிரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தபால்காரர் சிங்க முத்திரை போட்ட ஓர் உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கம்பெனிகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ். கம்பெனி பதிவாகி நூற்றெண்பது நாளுக்குள் தொழில் தொடங்கிவிட்டோம் என்று ஓர் உறுதிமொழி தாக்கல் செய்ய வேண்டுமாம். செய்யவில்லை, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று டைரக்டர்கள் விளக்கம் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே டைரக்டர்களின் பெயர்கள். முதல் பெயர் உன்னுடையது.

நம் வாசலில் தொங்குகிறதே, 'ஆர்த்திகா நார்ப்பொருள் பிரைவேட் லிமிடெட்' என்ற பலகை, அதன் கீழே நின்று நீ போட்டோ எடுத்துக்கொண்டாய். அப்பா பாசத்தில் மகள் பெயரை வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருப்பாய். பெயரை மட்டும் வைக்கவில்லை பாப்பா, உன்னையே வைத்துவிட்டேன். அந்தக் கம்பெனிக்கு டைரக்டர்கள் இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருத்தி நீ. உனக்கே தெரியாது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சொல்லி முடிக்கும் வரைக்கும் காகிதத்தைக் கசக்கி எறிந்துவிடாதே.

தூத்துக்குடி ஏற்றுமதிக்காரர், தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகளை வருஷம் முழுக்க எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கம்பெனியாக இருந்தால்தான் எடுப்பேன் என்றார். தென்னந்தோப்பு வைத்திருக்கிற கருத்தக்கண்ணனும் நானும் சேர்ந்து ஆரம்பிப்பதாகப் பேச்சு. அவர் தோப்புத் தேங்காய் மட்டை, என் நார் மில். பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். அதற்காக மதுரையில் காளவாசல் பக்கம் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த சூரியபிரகாஷிடம் போனோம். எல்லோரும் அவரை ஆடிட்டர் என்பார்கள், அவரும் மறுக்கமாட்டார். பெயருக்கு அனுமதி வாங்கினார். கம்பெனி விலாசத்துக்கு நம் வீட்டுக் கரண்ட் பில்லைக் கேட்டார், கொடுத்தேன். என்ன தொழில், யாருக்கு எத்தனை பங்கு என்றெல்லாம் எழுதினார். மீதி இருந்தது கையெழுத்துதான். ஆவணி மாதம் வளர்பிறை வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தேன். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவனும் நான்தான்.

பத்து மணிக்குக் கருத்தக்கண்ணன் போன் செய்து, தான் வரவில்லை என்றார். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் எந்தத் தெரு என்பது இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்கள் இல்லாவிட்டால் உன் அப்பன் சங்கிலியால் ஒரு கம்பெனி ஆரம்பிக்க முடியாதா என்று ஒரு வீம்பு. கடிகாரத்தைப் பார்த்தால் பத்தே கால். உன் அம்மாவுக்குப் பான் கார்டு கிடையாது. உனக்கு இருந்தது, நகல்கள் என் பையில் இருந்தன.

"அண்ணே, மகளை வச்சு முடிச்சுருவோம், பேருக்குத்தானே" என்றார் சூரியபிரகாஷ். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? பேங்க் லோனுக்குச் சாட்சி மாதிரி, ஒரு லிங்க் வரும், முகத்தைக் காட்டு, ஓ.டி.பி.யைச் சொல் என்றேன். அது பொய். நேர்முகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நீ, நான் சொன்னபடியே செய்தாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைரக்டராக இருக்கச் சம்மதம் என்ற படிவம் ஒன்று பாக்கி இருந்தது. பத்து இருபத்தைந்து ஆகிவிட்டது. வாடிப்பட்டிக்குப் போய் உன்னிடம் வாங்கி வர நேரமில்லை. அதில் உன் கையெழுத்தை நானே போட்டேன்.

ஏழாம் வகுப்பில் ரேங்க் கார்டில் நீ என் கையெழுத்தைப் போட்டாய் என்று வேலிக்கம்பால் அடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் உன் முழங்காலில் இருக்கிறது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. நாளை மதுரைக்குப் போய்வந்து மீதியை எழுதுகிறேன்.

புதன்கிழமை, மாலை.

போய்விட்டு வந்தேன். நேற்று எழுதியதை விட இன்று எழுதப்போவது மோசமானது.

கம்பெனி பதிவானதே தவிர, ஒரு மூட்டைகூட அந்தப் பெயரில் போகவில்லை. கருத்தக்கண்ணன் மட்டையை நிறுத்தினார், தூத்துக்குடிக்காரர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். வாசலில் பலகை மட்டும் தொங்கியது. தொழிலே நடக்கவில்லை, யார் கேட்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். நூற்றெண்பது நாள் கணக்கைச் சூரியபிரகாஷும் சொல்லவில்லை. அவர் மூன்று மாதமாக ஆபீஸையே திறக்கவில்லையாம். போன் அணைந்தே கிடக்கிறது.

அதே தெருவில் திவ்யா என்ற பெண் இருக்கிறது, கம்பெனிச் சட்டம் முறையாகப் படித்தது. வயது உன் வயதுதான் இருக்கும். நோட்டீஸைப் படித்துவிட்டு, இதற்கு வழி இருக்கிறது, தாக்கல் செய்து தீர்க்கலாம் என்றது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டது. எஸ்.ஐ. பயிற்சியில் இருக்கிறாள் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. அரசு வேலையில் இருப்பவர் அனுமதி இல்லாமல் கம்பெனி டைரக்டராக இருக்கக் கூடாது, சேரும்போது எழுதிக் கொடுத்திருப்பாளே என்றது. பிறகு தன் கம்ப்யூட்டரில் கம்பெனி பெயரைத் தட்டிக் காட்டியது. உன் பெயர் அங்கே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

பங்குனியில் உன்னைச் சேர்க்க வந்த அன்று, 'என் பெயரில் வேறு தொழிலோ வியாபாரமோ இல்லை' என்ற தாளை நீ வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டாய். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதே எனக்கு அந்தச் சம்மதப் படிவம் நினைவுக்கு வந்தது. பின்னால் வரிசை நின்றது, நீ புதுச் சட்டையில் நின்றாய், நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோனேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், உன்னிடம் சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நீ சொன்ன ஓ.டி.பி.யை வைத்து எடுத்த உன் டிஜிட்டல் கையெழுத்து, விரல் நீளத்தில் ஒரு சின்னக் குச்சி. கம்ப்யூட்டரில் சொருகி ரகசிய எண்ணைத் தட்டினால் நீ கையெழுத்துப் போட்ட மாதிரி. என்னுடையதும் உன்னுடையதும் சூரியபிரகாஷ் மேஜையிலேயே இருந்தன. எல்லோரும் இங்கேதான் வைக்கிறார்கள், அடிக்கடி அலைய வேண்டாம் என்றார். ரகசிய எண்ணைப் போட்டவரும் அவர்தான். இன்று கட்டட உரிமையாளர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி ஆபீஸைத் திறக்க வைத்தேன். மேஜை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய, காய்ந்துபோன ரப்பர் பேண்டு போட்டு, பெயர் எழுதிய துண்டுத் தாளோடு ஊரார் கையெழுத்தெல்லாம் கிடந்தன. மூன்று முறை கொட்டிக் கொட்டித் தேடினேன். என்னுடையது இருந்தது. உன்னுடையது இல்லை.

எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, இந்த நிமிஷம் எந்தக் கம்பெனியில் உன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டைக் கீழே போட்டதுகூட எனக்குத் தெரியவில்லை. நடத்துநர் எடுத்துக் கொடுத்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அம்மாவிடம் வந்ததும் சொல்லிவிட்டேன். எழுந்து போய்ப் பலகையைக் கழற்றப்போனாள். கம்பெனி இருக்கும் வரைக்கும் பெயர்ப் பலகை இருக்க வேண்டுமாம், கழற்றினால் அது ஒரு குற்றமாகிவிடும் என்று தடுத்தேன். நீ விலகினால் இன்னொரு டைரக்டர் வேண்டும். நான் வருகிறேன் என்றாள். பான் கார்டுக்கு நாளைக் காலை எழுதிக் கொடுக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"ராகுகாலம் வந்தா வந்துட்டுப் போகட்டும். என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசிங்க. அம்புட்டையும் கேட்டுட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

என் வீட்டில் இப்படி ஓர் ஆள் இருந்தும் நான் மாடியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உள்ளே மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நோட்டீஸின் நகல். இரண்டு, நீ விலகுவதாகத் திவ்யா எழுதிக் கொடுத்த கடிதம். அதை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. விசில் அடித்தாலும் பரவாயில்லை, ஓடாதே, படித்து முடி. மூன்றாவது, நான் எழுதியது. உன்னிடம் பொய் சொல்லி ஓ.டி.பி. வாங்கியதும் சம்மதப் படிவத்தில் உன் கையெழுத்தை நான் போட்டதும் அதில் இருக்கிறது. கீழே கையெழுத்தும் போட்டு, பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன். என் கையெழுத்தை இப்போது எனக்கே நம்ப முடியவில்லை.

காணாமல் போன குச்சியை ரத்து செய்ய நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு புகாரும் கொடுப்பது நல்லது என்கிறது திவ்யா. எப்படி அது இன்னொருவர் மேஜைக்குப் போனது என்று புகாரில் கேட்பார்கள். அங்கே என் பெயர் வரும், வரட்டும். அப்பா என்று எழுதிப் பேனாவை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடாதே. உனக்கு அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்களே, அப்படி எழுது: சங்கிலி, வயது ஐம்பத்து நான்கு, தகப்பனார் பெயர் சின்னச்சாமி, வாடிப்பட்டி. இந்த மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு நீயே உன் மேலதிகாரியிடம் போ. அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரைக்கும் காத்திருக்காதே. நான் பன்னிரண்டு நாள் காத்திருந்ததே போதும்.

அங்கே வருகிற கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பார்களா என்று தெரியவில்லை. பிரித்துப் படிக்கிற ஐயா யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை: இதில் என் பிள்ளைக்குச் சம்பந்தம் இல்லை. அவள் செய்த ஒரே தப்பு, அப்பா கேட்டதும் ஏன் என்று கேட்காததுதான்.

ஞாயிற்றுக்கிழமை போன் கொடுத்தால் பேசு. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவோடு பேசு, நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். காலை வெந்நீரில் வை. உன் தோளில் நட்சத்திரம் ஏற வேண்டும். அன்றைக்கு நான் எங்கே இருந்தாலும், அம்மா வந்து நின்று பார்ப்பாள்.

இப்படிக்கு,
சங்கிலி, த/பெ சின்னச்சாமி
(உன் அப்பா)