கேட்ட பிறகு காத்திருப்பது

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் இங்கே நாங்கள் இருவரும் சுகம், போர்ட் பிளேரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். மலையில் பனி இறங்கிவிட்டது, அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை, மிளகுக் கஷாயம் கொடுத்தால் முகத்தைச் சுளிக்கிறார்.

நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை கண்ணு. கேள்வி கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை, எனக்கு ஆசிரியர் வேலை ஒத்துவராது, ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன் என்கிறாய். சாக்ரடீஸ் கேள்வி கேட்டே கற்பித்தார் என்று நீயும் நானும் பி.எட்.டில் படித்தோம். அவரிடம் மாட்டிக்கொண்ட பெரிய மனிதர்கள் நாலு பேர் முன்னால் கூசிப்போய் அவரை வெறுத்தார்கள் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். விடை தெரிந்த டீச்சர் கேட்கிறாள் என்றால் சோதிக்கிறாள் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

என் ஐந்தாம் வகுப்பில் அருணாவும் அவள் அண்ணன் முரளியும் சேர்ந்து படிக்கிறார்கள், காய்ச்சலில் அவனுக்கு ஒரு வருஷம் போய்விட்டது. கேழ்வரகு காயப்போடும் பாறை வெயில் போன பிறகும் ஏன் சுடுகிறது என்று கேட்டேன். முரளி விழித்தான், அருணா தலை குனிந்துகொண்டாள். இடைவேளையில் தனியாகக் கேட்டதற்கு, தெரியுங்க டீச்சர், நாஞ் சொன்னா ஊட்டுல அப்பன் அண்ணனத்தான் ஏசும், தங்கச்சிக்குத் தெரியுது உனக்கென்னடான்னு, என்றாள். அவ்வளவு நாளாக அவளை மந்தம் என்றல்லவா நினைத்திருந்தேன். இப்போது கேட்டதும் யாரையும் எழுப்புவதில்லை, பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு இருவருமாகச் சொல்லுங்கள் என்று விட்டுவிடுகிறேன். நேற்று முரளி எழுந்து, பாதி அவ சொன்னதுங்க, பாதி என்னுது, நல்ல பாதி எதுன்னு மட்டும் கேக்காதீங்க என்றான், வகுப்பே சிரித்தது, அருணாவும் சிரித்தாள்.

உன் பிள்ளைகளுக்கு என்ன தடையோ எனக்குத் தெரியாது. நீ கேட்ட மறுநொடியே பதிலையும் நீயே சொல்லிவிடுகிறாயோ என்று மட்டும் தோன்றுகிறது, சின்ன வயதிலிருந்தே உனக்கு மௌனம் தாங்காது. கேட்டுவிட்டு ஜன்னலைப் பார், அவர்கள் முகத்தைப் பார்க்காதே. யாராவது தப்பாகச் சொன்னால் எப்படி அப்படித் தோன்றியது என்று கேள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேள்.

வேலையை விடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளைகளோடு இருக்க உனக்கு ஆசை இருக்கிறதா? இதற்கு என்ன பதில் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல், அதுவரை போன் செய்து நச்சரிக்க மாட்டேன், அப்பாவையும் தடுத்து வைக்கிறேன்.

தலைக்கு எண்ணெய் வை. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
அம்மா அமலோற்பவம்